இழையை ஒளித்தால் கலை வாழுமா?

காஞ்சிப் பட்டைப் புகழாதார் இல்லை. புகழ்ந்து எழுதப்பட்டவற்றையெல்லாம் ஓரிடத்தில் குவித்தால் ஒரு நூலகமே நிறையும். ஆனால் அந்த நூலகம் முழுவதையும் படித்து முடித்த இளைஞன் ஒருவன் தறியில் சென்று அமர்ந்தால், ஒரு விரற்கடை அகலமேனும் அவனால் நெய்ய முடியுமா? முடியாது. புகழ் மலைபோல் குவிந்திருக்கிறது. பாடம் கடுகளவும் அதில் இல்லை. ஏன் இந்த நிலை?

கைவினையைக் காப்போம் என்னும் குரல் இன்று எங்கும் கேட்கிறது. நெசவு, பூத்தையல், மட்பாண்டம், மரச் சிற்பம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விழா, ஒரு கண்காட்சி, ஒரு பொன்னாடை. நல்ல குரல்தான், குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அக்குரலை எழுப்புவோர் சொல்லும் காரணங்களைச் சற்றே உரைத்துப் பார்த்தால், அடியில் மூன்று எண்ணங்கள் தென்படும். இது தெய்வம் தந்த கலை என்பது ஒன்று. இது குருதியில் ஊறிய கலை என்பது மற்றொன்று. இது பிறருக்குச் சொல்லக்கூடாத கலை என்பது மூன்றாவது. இம்மூன்றும் கலையைக் காக்கும் வேலிகள் என்று நம்பப்படுகின்றன. வேலிகளா, விலங்குகளா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காஞ்சி நெசவாளர் மார்க்கண்ட முனிவரின் வழித்தோன்றல்கள் என்றும், அம்முனிவர் தாமரைத் தண்டிலிருந்து நூலெடுத்துத் தேவர்களுக்கு ஆடை நெய்தார் என்றும் ஒரு கதை உண்டு. கடைக்காரரின் விளம்பரத் தாளிலும் அது இருக்கும். சுற்றுலாக் கையேட்டிலும் இருக்கும். கதை அழகானதுதான். தாமரைத் தண்டில் நூல் எடுக்க முடியும் என்பதும் பொய்யன்று. பர்மாவில் இன்லே ஏரிக்கரையில் இன்றும் எடுக்கிறார்கள்; நெய்கிறார்கள்; விற்கிறார்கள். ஆனால் அங்கே அதைச் செய்பவர் முனிவர் அல்லர். தண்டை ஒடித்து, இழையை இழுத்து, உருட்டித் திரித்துக் கூலி வாங்கும் உழைப்பாளிப் பெண்கள். விண்ணுலகத்து வித்தை என்று இங்கே சொல்லப்படுவது, அங்கே ஓர் ஊராரின் அன்றாட வேலை.

கதையால் கெடுதல் என்ன என்று கேட்கலாம். கெடுதல் இருக்கிறது. திறமை, முனிவன் தந்த வரம் என்றாகிவிட்டால், அதைக் கண்டுபிடித்த மனிதன் மறைந்துபோகிறான். தலைமுறை தலைமுறையாகத் தவறு செய்து, திருத்தி, மீண்டும் முயன்று, ஒரு முடிச்சைக் கண்டறிந்த மூளைக்கு அங்கே இடமில்லை. வரம் பெற்றவன் கூலி கேட்கலாமா? வரத்துக்கு விளக்கம் எழுதலாமா? எழுத மாட்டான், எழுதவும் விடமாட்டார்கள். வரத்தை வணங்கலாம், பாடமாக்க முடியாது.

2019ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை காஞ்சிபுரத்தில் அத்திவரதர் காட்சி நடந்தது. 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரிலிருந்து எடுக்கப்படும் மரச்சிலை. 48 நாட்கள், நாடெங்குமிருந்து மக்கள் வெள்ளம். இன்று சிலைக்கு எந்த நிறப் பட்டு உடுத்தப்பட்டது என்பது நாள்தோறும் செய்தியாயிற்று. மஞ்சள் என்றார்கள், நீலம் என்றார்கள், இளஞ்சிவப்பு என்றார்கள். நெய்தவர் யார், எத்தனை நாள் நெய்தார், என்ன கூலி பெற்றார் என்று எத்தனை நாள் எழுதினார்கள்? பட்டு நெய்யும் ஊரில், பட்டைப் பார்க்கக் கூட்டம் கூடிய வேளையிலும், தறி மட்டும் இருட்டில் இருந்தது.

இந்தப் பழக்கம் புதிதன்று. நம் இலக்கியத்திலேயே இதன் வேர் இருக்கிறது. பொருநராற்றுப்படை ஓர் ஆடையைப் புகழ்கிறது: பூவேலை செறிந்தது, பாம்பின் சட்டை போன்றது, இழை போன வழியைக் கண்ணால் தொடர முடியாத அளவு நுண்ணியது என்கிறது. சிலப்பதிகாரம் புகார் நகரத்து வீதிகளை எண்ணும்போது பட்டிலும் மயிரிலும் பருத்தியிலும் வேலை செய்த காருகர் இருக்கையைச் சொல்கிறது. துணி தைப்போரையும் தோல் தைப்போரையும் அருகருகே சொல்கிறது. பெருமைப்படுவோம், தமிழன் ஆடை அறிந்தவன் என்பதற்கு இவை சான்று. ஆனால் அந்த இழை எப்படிப் போயிற்று, அந்தப் பூ எப்படி விழுந்தது என்று ஓர் அடியேனும் உண்டா? புலவன் தறியருகே நிற்கவில்லை. அரசன் ஆடை வழங்கிய முற்றத்தில் நின்றான். கொடுத்தவனைப் பாடினான், கொண்டவன் மகிழ்ச்சியைப் பாடினான், நெய்தவனைப் பாடவில்லை. புலவனைக் குற்றம் சொல்லவில்லை. அது அவன் காலம். அந்த முற்றத்திலேயே நாமும் இன்றுவரை நின்றுகொண்டிருப்பதுதான் குற்றம்.

நம் காலத்துக் கலையையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். பிரியதர்சன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ 2007ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வு பெற்றது. நெசவாளன் வேங்கடமாக நடித்த பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகருக்கான விருது பெற்றார். மகளுக்குப் பட்டுடுத்தித் திருமணம் செய்வேன் என்று வாக்களித்த நெசவாளன், முதலாளியின் பட்டிழையை வாயில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவருகிறான். உரிமைக்காகச் சங்கம் கட்டியவனே அந்த ஆசைக்காகத் தடுமாறுகிறான். இறுதியில் பாதியில் நின்ற பட்டு, மகளின் பிணத்தை மூடவும் போதவில்லை. பட்டு நெய்பவன் வீட்டில் பட்டில்லை என்னும் உண்மையை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன படம் தமிழில் வேறில்லை. முனிவர் கதையையும் கோபுரப் பெருமையையும் ஒதுக்கிவிட்டுப் பசியையும் கூலியையும் வேலைநிறுத்தத்தையும் அது பேசியது. பாராட்ட வேண்டும்.

பாராட்டிய பின் ஒன்று கேட்க வேண்டும். படத்தைப் பார்த்து வெளியே வருபவன் கண்ணீரோடு வருகிறான். அந்த நெசவாளனுக்கு என்ன தெரியும் என்று அறிந்து வருகிறானா? வேங்கடத்தின் துயரம் நமக்குத் தெரிகிறது. அவன் அறிவு தெரியவில்லை. வாயில் இழை ஒளித்தவன் என்று நினைவில் நிற்கிறான். விரலில் கணக்கு வைத்திருந்தவன் என்று நினைவில் நிற்கவில்லை. புராணம் அவனைத் தேவனாக்கியது. படம் அவனை இரங்கத்தக்கவனாக்கியது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் உண்மையான ஆள், அதாவது ஒரு நுட்பம் அறிந்த தொழிலறிஞன், இன்னும் நம் கலைக்குள் வரவேயில்லை.

அந்த நுட்பம் யாது? புகழுரைகள் சொல்லாததைச் சுருக்கமாகவேனும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

காஞ்சிச் சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் தனித்தனியே நெய்து தைக்கப்பட்டவை அல்ல. ஒரே தறியில், ஒரே வேளையில் பிறந்தவை. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் ஒவ்வொரு நாடா, ஆக மூன்று நாடாக்கள். ஒவ்வொரு வரி ஊடையிலும் உடலின் இழை கரையின் இழையைக் கவ்வித் திரும்ப வேண்டும். இதற்குக் கோர்வை என்று பெயர். நெய்பவர் ஒருவர் மட்டும் போதாது. பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை வீசி வாங்க இன்னொருவர் வேண்டும். இருவர் கையும் ஒரே தாளத்தில் போகாவிட்டால் இணைப்பு பிசகும்.

முந்தானை வேறு நிறமாக இருக்க வேண்டுமானால் பாவையே மாற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பாவின் இழைகளோடு புது நிறப் பாவின் இழைகளை மெல்லிய குச்சிகளின் துணையால் பிணைத்துச் சிறிது தொலைவு இரண்டையும் சேர்த்து நெய்து, பிணைப்பு உறுதியான பிறகு பழைய பாவை வெட்டி நீக்குகிறார்கள். இதுவே பிட்னி. ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்றும் தவறக்கூடாது. சேலையில் இரு நிறமும் கலந்து தெரியும் அந்தச் சிறு கோடு, ஒரு பொறுமைப் போரின் தழும்பு.

பூவும் மயிலும் விழுவதற்கு முன்னாளில் ‘அடை’ என்னும் நூற்கட்டு இருந்தது. எந்த வரியில் எந்த இழைகள் எழ வேண்டும் என்பதைத் தறியின் மேலே நூல்களாகவே கட்டி வைத்து, வரிசை தவறாமல் ஒருவர் தூக்கித் தர, மற்றவர் நெய்தார். ஓவியத்தை நூலால் எழுதி வைத்த குறிப்பேடு அது. பிரான்சில் ஜக்கார் என்பவர் 1804ஆம் ஆண்டில் துளையிட்ட அட்டைகளால் அதே வேலையைச் செய்யும் பொறியை நிறுவினார். பிற்காலத்தில் கணிப்பொறிக்கு ஆணை தரும் அட்டைகளுக்கு அந்த எண்ணம் வழிகாட்டியது என்பதை அறிவியல் வரலாறு கூறும். ஜக்காரின் பெயர் உலகுக்குத் தெரியும். அடை கட்டிய காஞ்சிக் கைகளுக்குச் சொந்தமான பெயர் ஒன்றேனும் நமக்குத் தெரியுமா?

நான் பாடம் சொல்லும் வகுப்பில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர். தறி தொடர்பாகத் தெரிந்த சொற்களையெல்லாம் எழுதுங்கள் என்றேன் ஒருநாள். பாவு, ஊடை, நாடா, தார், விழுது, பன்னை, மிதி, படமரம் என்று தொடங்கி, நாற்பதுக்கு மேற்பட்ட சொற்களை எழுதித் தந்தார்கள். அவர்கள் கையில் இருந்த பாடநூலில் அவற்றுள் மூன்று சொற்கள்கூட இல்லை. தமிழ் வளர வேண்டும், கலைச்சொற்கள் பெருக வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். தெருவில் உயிரோடு நடமாடும் கலைச்சொற்களைக் குறித்து வைக்க நம்மிடம் ஒரு குறிப்பேடு இல்லை!

இனி, குருதியின் கதைக்கு வருவோம். நெசவு இரத்தத்தில் இருக்கிறது, வேறு குலத்தானுக்கு வராது என்கிறார்கள். வரலாறு இதை ஒப்பவில்லை. பட்டுச்சாலியர், செங்குந்தர் முதலிய நெசவுக் குலங்களுக்கே உரியது என்று சொல்லப்பட்ட இத்தொழிலில், சென்ற நூற்றாண்டில் காஞ்சியைச் சுற்றிய சிற்றூர்களில் உழவுக் குடும்பத்தாரும் பிறரும் அமர்ந்தார்கள். கற்றார்கள், நெய்தார்கள், அவர்கள் நெய்ததும் காஞ்சிப் பட்டு என்றே விலைபோயிற்று. சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் 1960ஆம் ஆண்டில் தோன்றியது. அங்கே சேர மதிப்பெண் வேண்டும், குலத்தொழில் கட்டாயமில்லை. குருதியில் இருப்பது இரும்புச் சத்து, கோர்வை அன்று.

குருதியின் கதையை அரசாணையாகவே ஆக்கிப் பார்த்ததும் நம் நாட்டில் நடந்தது. 1953ஆம் ஆண்டில் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராசகோபாலாச்சாரியார், ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தைச் சுருக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றார். குலக்கல்வி என்று அதற்குப் பெயர் சூட்டித் தமிழகம் எதிர்த்தது. 1954இல் அவர் பதவி விலகினார். காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. இங்கே ஒன்றை மறக்கலாகாது. அதே 1953ஆம் ஆண்டில்தான், துணி தேங்கி நெசவாளர் பசித்துக் கிடந்தபோது, காஞ்சி நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாவும் தோழர்களும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். ஒரு கையால் துணியைச் சுமந்தார்கள். மறு கையால் குலக்கல்வியைத் தடுத்தார்கள். இதில் முரண்பாடு எங்கே? தறியை நேசித்தவர்கள்தாம் அவர்கள். தறியோடு மனிதனைப் பிறப்பால் கட்டும் கயிற்றைத்தான் வெறுத்தார்கள்.

அந்தக் கயிறு எவ்வளவு கொடியது என்பதற்குக் கோர்வையே சாட்சி. கோர்வைக்கு இரண்டாவது ஆள் வேண்டும் என்றேன். அந்த இரண்டாவது ஆள் பல காலம் ஒரு சிறுவனாக இருந்தான். அல்லது ஒரு சிறுமியாக. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளையின் விரல்கள் தறியில் அமர்ந்தன. 1980களிலும் 1990களிலும் காஞ்சிபுரத்துத் தறிகளில் குழந்தை உழைப்பு நாடறிந்த இழிவாக இருந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் நெசவு வேலையில் சிறுவரை அமர்த்துவதைத் தடுத்தது. ஆனால் குடும்பத்தார் நடத்தும் பணிக்கூடத்துக்கு விலக்குத் தந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தக்கூடாது என்றது. ஆயினும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு வாயிலைத் திறந்தே வைத்தது. குடும்பக் கலை என்னும் இனிய சொல்லுக்குள் எத்தனை பிள்ளைகளின் பள்ளிக்கூடம் புதைந்து கிடக்கிறது! சிறு வயதிலேயே பழகினால்தான் விரல் வளையும் என்று கலை அன்பர் சிலர் இன்னும் சொல்கிறார்கள். தம் பிள்ளையின் விரலை அவர்கள் எங்கே வளைக்கிறார்கள்? எழுதுகோலைச் சுற்றித்தானே!

இந்தச் சிக்கல் பழங்கதை ஆகிவிடவில்லை. 2023ஆம் ஆண்டில் ஒன்றிய அரசு கைவினைஞர்களுக்காக விசுவகர்மா திட்டம் என ஒன்றைத் தொடங்கியது. 18 தொழில்கள் அதில் இடம்பெற்றன. குடும்பத்தில் வழிவழியாக அத்தொழில் இருந்திருக்க வேண்டும் என்ற விதியை நீக்குமாறும், குறைந்த வயதை 18இலிருந்து 35 ஆக உயர்த்துமாறும் தமிழ்நாடு அரசு கேட்டது. அது ஏற்கப்படாத நிலையில், குடும்பத் தொழில் என்னும் நிபந்தனையின்றிக் ‘கலைஞர் கைவினைத் திட்டம்’ 2025இல் இங்கே தொடங்கப்பட்டது. கேள்வி சிறியதாகத் தோன்றலாம். சிறியதன்று. உன் கை என்ன அறியும் என்று கேட்பதா, உன் தந்தை யார் என்று கேட்பதா? முதற் கேள்வி கலையை வளர்க்கும். இரண்டாவது, சாதியை வளர்த்துவிட்டுக் கலையைக் காத்ததாகக் கணக்கு எழுதும்.

மூன்றாவது வேலி மறைபொருள். நுட்பத்தை வெளியே சொன்னால் போட்டி வரும், பிழைப்பு போகும் என்னும் அச்சம். ஏழையின் அச்சத்தை எள்ளி நகையாட மாட்டேன். கையிலுள்ள ஒரே சொத்தைப் பூட்டி வைக்க நினைப்பது இயல்பு. ஆனால் பூட்டு காத்ததா என்பதை உலக வரலாற்றில் பார்க்க வேண்டும். பட்டுப்புழு வளர்ப்பைச் சீனம் நெடுங்காலம் மறைத்து வைத்தது. ஆறாம் நூற்றாண்டில் துறவியர் சிலர் முட்டைகளைக் கடத்திச் சென்று பைசாந்தியப் பேரரசனிடம் சேர்த்தார்கள் என்கிறது வரலாறு. பேரரசின் காவலே பட்டுப்புழுவைத் தடுக்க முடியவில்லை!

பிரான்சு நாடு வேறு வழியில் சென்றது. 1751ஆம் ஆண்டு முதல் தீதரோவும் தாலம்பேரும் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில் மெய்யியலும் அரசியலும் மட்டுமா இருந்தன? நெசவு, சாயம், தோல், கண்ணாடி, பூத்தையல் எனத் தொழில்கள் படங்களோடு விளக்கப்பட்டன. பட்டறைகளுக்குச் சென்று, தொழிலாளியிடம் கேட்டு, அவன் சொன்னதை எழுதி, அவன் கருவியைப் படமாக்கினார்கள். மதத் தலைவர்கள் வெறுத்த அதே நூலில்தான் தையற்காரனின் ஊசிக்கும் இடம் கிடைத்தது. 1770இல், அரசவைக்கு உடை ஓவியம் வரைந்த செந்தொபேன் என்பவர் பூத்தையற் கலையைப் பற்றித் தனி நூலே எழுதினார். கருவி, சட்டம், தையல் வகை எல்லாம் அதில் இருந்தன. அதனால் பிரெஞ்சுப் பூத்தையல் அழிந்ததா? அதைக் கற்க விரும்புவோர் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நூலைத் திறக்கிறார்கள். பகுத்தறிவு என்பது கடவுளைக் கேள்வி கேட்பதோடு முடிவதில்லை. கைத்தொழிலைக் கேள்வி கேட்டு எழுதி வைப்பதும் பகுத்தறிவுதான்.

பிரான்சு வரை போவானேன்? காஞ்சிச் சேலைக்குப் பொருத்தமாகத் தைக்கப்படும் இரவிக்கையைப் பாருங்கள். இன்று மணப்பெண்ணின் இரவிக்கை பெரும்பாலும் ஆரி வேலை செய்யப்பட்டது. சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, நுனியில் கொக்கியுள்ள ஊசியை மேலிருந்து குத்தி, அடியிலிருந்து நூலை வளையம் வளையமாக இழுத்துச் சங்கிலி போல் கோக்கும் பூத்தையல் அது. இடையிடையே மணியும் ஜரிகைச் சுருளும் சேரும். அந்த ஊசியின் பிறப்பு எங்கே என்று தெரியுமா? கச்சு, குசராத்துப் பகுதிகளில் தோல் தைத்த மோச்சிகளின் குத்தூசியே மெலிந்து ஆரி ஊசியாயிற்று என்பர். செருப்புத் தைப்பவனைத் தீண்டத்தகாதவன் என்று தள்ளி வைத்த சமுதாயம், அவன் கண்ட ஊசியின் வேலையை மணமேடையில் அணிந்து மகிழ்கிறது! சாத்திரம் விலக்கியதைக் கலை சேர்த்துவிட்டது.

ஆரியின் வளர்ச்சியில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. தமிழ்நாட்டின் ஊர்தோறும் தையற் பயிற்சி நிலையங்களில் பெண்கள் இதைச் சில திங்களில் கற்கிறார்கள். யாரும் குலம் கேட்பதில்லை, சொல்லித்தர மறுப்பதில்லை. சொல்லித்தந்ததால் ஆரி அழியவில்லை, பரவியது. சமையலறைக்கு அப்பால் சொந்தக் கையில் காசு பார்த்த பெண்கள் ஆயிரமாயிரம். குறைகளும் உண்டு. கடையின் பெயர் பலகையில் ஒளிர்கிறது. ஊசி பிடித்தவள் பெயர் எங்குமில்லை. வாடிக்கையாளர் தரும் தொகைக்கும் அவள் பெறும் கூலிக்கும் இடையே நெடுந்தொலைவு. அறிவு பரவியது, உரிமை பரவவில்லை. ஆகவே பகிர்ந்தால் மட்டும் போதாது என்பதையும் ஆரியே நமக்குச் சொல்கிறது.

பகிர்வும் உரிமையும் சேர்ந்து நிற்பது எப்படி? நீலமலையில் வாழும் தோடர் பெண்களின் பூத்தையல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் ஓட்டுவார்கள். அச்சுப் படம் இல்லை, கோடு வரைவதில்லை. துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணியே வடிவம் பிறக்கிறது. ‘புகூர்’ என்று அவர்கள் வழங்கும் இக்கலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கலையை யாரும் கற்கலாம். ஆனால் எவனோ எங்கோ செய்ததைத் தோடர் பூத்தையல் என்று சொல்லி விற்கும் உரிமை எவனுக்கும் இல்லை. அறிவு பொது, பெயர் உரியோர்க்கு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மறைபொருள் அச்சம் பாதி கரைந்துவிடும்.

காஞ்சிப் பட்டுக்கும் 2005-06ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதற்கு முன்னரே, 1985ஆம் ஆண்டுச் சட்டம் கரையுள்ள சேலை உட்பட 22 துணி வகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. பின்னர் அவை 11 ஆகக் குறைக்கப்பட்டன. சட்டம் இருக்கிறது, விசைத்தறிச் சேலை கைத்தறிப் பெயரில் விற்பனையாவதும் இருக்கிறது. நெசவாளன் நுட்பத்தைச் சொன்னதாலா விசைத்தறி அவனைத் தோற்கடித்தது? இல்லை. கைவேலை எது, பொறிவேலை எது என்று வாங்குபவருக்குத் தெரியாததால்! கோர்வை என்றால் என்ன என்று அறிந்த பெண்ணைக் கடைக்காரர் ஏமாற்ற முடியுமா? சேலையைத் திருப்பிக் கரை கூடும் இடத்தைப் பார்ப்பாள். முந்தானைக் கோட்டைத் தடவிப் பார்ப்பாள். உண்டா இல்லையா என்று தானே சொல்வாள். அறியாமைதான் போலியின் கூட்டாளி. நுட்பத்தை மறைப்பது கள்ளனுக்கு விளக்கணைத்துத் தருவது போன்றது.

என்ன செய்ய வேண்டும்? பெருந்திட்டங்களை அரசு தீட்டட்டும். நம் கையில் இருப்பதை நாம் தொடங்கலாம்.

முதலாவது, எழுதுவோம். காஞ்சியிலும் ஆரணியிலும் திருபுவனத்திலும் முதிய நெசவாளர்கள் இருக்கிறார்கள். படித்த இளைஞர்கள் அவர்களிடம் மாணவராகச் சென்று அமரட்டும். சொற்களைக் குறிக்கட்டும், முடிச்சுகளைப் படமெடுக்கட்டும், கையில் உள்ள கைப்பேசியே போதும். எழுதிய ஒவ்வொன்றின் கீழும் சொன்னவர் பெயரை, அவர் இசைவோடு, எழுத வேண்டும். தார் சுற்றியும் நூலிழைத்தும் தறிக்கு உயிர் தரும் பெண்ணை ‘உதவியாள்’ என்று எழுதும் வழக்கம் அங்கே ஒழிய வேண்டும், அவளும் தொழிலறிஞரே.

இரண்டாவது, கற்பிப்போம். நெசவும் பூத்தையலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியட்டும். நெசவாளர் பிள்ளைக்கு மட்டும் அன்று. மருத்துவர் மகனும் பாவு பிணைத்துப் பார்க்கட்டும். நெசவாளர் மகள் மருத்துவம் படிக்கட்டும். வளர்ந்தபின் விரும்பியவர் தறிக்கு வரட்டும். விரும்பி வந்தவன் கையில்தான் கலை புதுமை காணும்.

மூன்றாவது, கேட்போம். பட்டு வாங்கும்போது எடை, ஜரிகை, விலை கேட்கிறோம். நெய்தவர் யார் என்றும் கேட்போம். ஓவியத்தின் மூலையில் ஓவியன் பெயர் இருக்கிறது. நூலின் அட்டையில் எழுத்தாளன் பெயர் இருக்கிறது. சேலையின் ஓரத்தில் நெசவாளர் பெயர் இருந்தால் பட்டு நிறம் மங்கிவிடுமா?

கலை அழிகிறதே என்று புலம்புவோரிடம் ஒரு சொல். நெசவாளரின் பிள்ளைகள் தறியை விட்டுப் போகிறார்கள் என்று வருந்துகிறீர்கள். போகட்டும், போகும் உரிமை அவர்களுக்கு உண்டு. அவர்கள் போன வழியே வேறு பிள்ளைகள் உள்ளே வரக் கதவு திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு குலத்தின் பிள்ளைகள் கட்டுண்டு கிடந்தால்தான் ஒரு கலை வாழும் என்றால், அந்தக் கலை வாழ்வதைவிட அந்தப் பிள்ளைகள் வாழ்வது மேல். ஆனால் அப்படியொரு தேர்வுக்கு இடமேயில்லை. ஜக்கார் அட்டையைப் புரிந்துகொண்ட மூளைக்கு அடையும் புரியும். ஆரி ஊசியைப் பிடித்த விரலுக்குக் கோர்வை நாடாவும் பழகும். சொல்லித்தர ஒருவரும், கூலி தர ஒரு நீதியும் இருந்தால் போதும்.

உடலும் கரையும் வெவ்வேறு நிறம். ஒன்றின் இழை மற்றொன்றைக் கவ்வுவதால்தான் சேலை ஒரே துணியாக நிற்கிறது. அறிந்தவனும் அறிய விரும்புபவனும் பிறப்புப் பாராமல் அவ்வாறு கைகோக்கும் நாளில், காஞ்சித் தறியைக் காக்க எந்த முனிவரும் வேண்டியதில்லை.